ஹவோர்த்தியாவின் பக்கக்கன்றுகளைப் பிரித்து நட்ட அனுபவம்

நான்கு ஆண்டுகளாக ஒரே தொட்டியில் வளர்ந்துவந்த ஹவோர்த்தியா என்ற சிறு சதைப்பற்றுச் செடியைப் பிரித்தே ஆகவேண்டும் என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம், அதற்கு ஊற்றிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் தொட்டியின் ஓரமாகவே வழிந்து, அடித்துளை வழியே அப்படியே வெளியேறத் தொடங்கியதுதான். 12 செ.மீ. வாயகலம் உள்ள பிளாஸ்டிக் தொட்டி அது. தாய்ச்செடியைச் சுற்றி முளைத்த பக்கக்கன்றுகள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளியதில் தொட்டியின் வட்ட வாய் கோணலாகிவிட்டது. நடுவில் இருந்த தாய்ச்செடி ஒரு விரற்கடை மேலே உந்தப்பட்டு, அதன் அடியிலைகளின் நுனிகள் செம்பழுப்பாகக் காய்ந்திருந்தன. மேலிருந்து எண்ணியபோது 9 கன்றுகள் தெரிந்தன. வெளியே எடுத்துப் பார்த்தபோது 11 இருந்தன.

இலைகளில் வெண்ணிறப் புள்ளிகள் குறுக்குக் கோடுகளாகக் கோத்தாற்போல் இருப்பதால் இதை வரிக்குதிரைக் கற்றாழை என்று சொல்பவர்கள் உண்டு. 1809ஆம் ஆண்டில் தூவால் என்னும் தாவரவியலாளர், ஏட்ரியன் ஹவோர்த் என்ற ஆங்கிலேயரின் பெயரால் ஹவோர்த்தியா என்ற பேரினத்தை அமைத்தார். 2013இல் கோர்டன் ரௌலி அதிலிருந்து சில இனங்களைப் பிரித்து ஹவோர்த்தியாப்சிஸ் என்ற பேரினத்தில் வைத்தார். என்னிடம் இருப்பது அப்படிப் பிரிக்கப்பட்ட அட்டெனுவேட்டா என்ற இனம். இதனோடு பெரிதும் குழப்பப்படுவது ஃபாசியேட்டா. ஆனால் ஃபாசியேட்டாவின் இலை உட்புறம் வழவழப்பாக இருக்கும், அட்டெனுவேட்டாவின் இலையிலோ இரு புறமும் விரலுக்குச் சொரசொரப்புத் தட்டும். பிரிப்பதற்கு முன் இதைத் தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். பக்கக்கன்று விதையிலிருந்து வருவதன்று. அது தாயின் உடலிலிருந்தே கிளைத்த, மரபணு மாறாத மறுபிரதி. தாயின் பெயரைத் தவறாக எழுதினால், அந்தத் தவறு எல்லாக் கன்றுகளோடும் போய்ச் சேரும்.

இந்த வேலையை நான் செய்வது இது இரண்டாவது முறை. முதன்முறை இதே தாயிலிருந்து 3 கன்றுகளை எடுத்து, ஈரமான தோட்டமண்ணில் அன்றே நட்டு, அன்றே தண்ணீரும் ஊற்றினேன். மற்றச் செடிகளை நடும்போது செய்வது அதுதானே என்று எண்ணியிருந்தேன். மூன்று வாரத்திற்குள் இரண்டு கன்றுகள் அடியிலிருந்து கூழாகிச் சாய்ந்துவிட்டன. தொட்டபோது இலைகள் கையோடு கழன்று வந்தன. அந்த இழப்பு நெடுநாள் மனத்தில் கிடந்ததால், இம்முறை ஒவ்வொரு கட்டத்தையும் நாள் குறித்து எழுதிவைத்தேன்.

பிரிப்பதற்குப் பத்து நாட்களுக்கு முன்பே தண்ணீரை நிறுத்திவிட்டேன். மண் காய்ந்திருந்தால் வேரிலிருந்து எளிதாக உதிரும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, ஹவோர்த்தியாவின் வேர்கள் தடித்துச் சதைப்பற்றோடு இருப்பவை என்பதாகும்; நீர் நிரம்பி விறைத்திருக்கும் நேரத்தில் அவற்றை வளைத்தால் படக்கென்று ஒடிந்துவிடும், சற்றே தளர்ந்திருந்தால் வளைந்துகொடுக்கும். பருவத்தையும் பார்த்துக்கொண்டேன். கடும் வெயில் காலத்திலும் கடுங்குளிரிலும் இச்செடியின் வளர்ச்சி மந்தமாகிவிடும், அப்போது அறுத்த காயம் ஆறவும் புதுவேர் விடவும் நாளாகும். ஆகவே தட்பவெப்பம் மிதமாகி, நடுக்குருத்தில் வெளிர்பச்சையாகப் புதிய இலை தெரியத் தொடங்கிய பிறகே கத்தியை எடுத்தேன்.

மண்கலவையை முன்கூட்டியே தயாரித்து உலரவைத்தேன். சலித்த மட்கு உரமும் தென்னைநார்த் தூளும் சேர்ந்து ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, எரிமலைப் பாறையைச் சூடாக்கிப் பொரித்த வெண்துகளான பெர்லைட் ஒரு பங்கு. தென்னைநார்த் தூளில் உப்பு தங்கியிருக்கக்கூடும் என்பதால், பிழிந்த நீரின் செம்பழுப்பு நிறம் வெளுக்கும்வரை அதை மூன்று முறை அலசினேன். மணல் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மாவுபோன்ற நுண்மணல், வடிகாலைக் கூட்டுவதற்குப் பதிலாக மற்றத் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை அடைத்துவிடுகிறது. ஆகவே சல்லடையில் தங்கிய 2 முதல் 5 மி.மீ. வரையிலான பருக்கைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, தூசியைக் கழுவி நீக்கினேன். வேருக்கு நீர் தேவைப்படும் அளவுக்குக் காற்றும் தேவை. மண்ணின் துளைகளில் நீர் நெடுநேரம் தேங்கினால் உயிர்க்காற்று குறைந்து வேர் மூச்சுத் திணறுகிறது, பித்தியம் போன்ற அழுகல் நுண்ணுயிர்கள் அந்த ஈரத்தில்தான் பெருகுகின்றன. கலவையை ஒரு சிறு தொட்டியில் நிரப்பித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். மேற்பரப்பில் குளம் கட்டாமல் சில நொடிகளில் அடியில் சொட்டியது. போதும் என்று நிறைவடைந்தேன்.

தொட்டியிலிருந்து செடியை எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. பக்கங்களை அமுக்கியும், கவிழ்த்துத் தட்டியும் அது அசையவில்லை. அடித்துளை வழியே வெளியே வந்த இரண்டு வேர்கள் அங்கேயே பருத்துப் பூட்டுப்போல் நின்றன. இலைகளைப் பிடித்து இழுத்தால் தாயின் தண்டே பிய்ந்துவிடும் என்பதால், தொட்டியை மேலிருந்து கீழாகக் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்தேன். தொட்டி போனால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்.

வெளியே வந்த வேர்க்கட்டியைக் கையில் ஏந்திப் பார்த்தபோதுதான், தண்ணீர் ஏன் இறங்கவில்லை என்பது விளங்கியது. வெளிப்புறத்தில் வேர்கள் தொட்டியின் உருவத்திலேயே சுற்றிச்சுற்றிப் பாய் முடைந்ததுபோல் பின்னிக்கிடந்தன. அவற்றை விரலால் விலக்கி உள்ளே போனால், தாயின் அடியில் எலுமிச்சை அளவில் கருப்பான ஓர் உருண்டை இருந்தது. நாற்றுப் பண்ணையில் முதன்முதலாக இட்ட, சதுப்புநிலத்தில் மட்கிய பாசியான பீட் கலந்த கலவை அது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த உருண்டை அப்படியே இருந்தது. பீட் ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் நீரை ஏற்காமல் விலக்கும் தன்மை கொண்டது. உருண்டையின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். அது முத்துப்போல் உருண்டு கீழே விழுந்ததே தவிர உள்ளே ஊறவில்லை. அதற்குள் இருந்த வேர்கள் அனைத்தும் செத்துப்போயிருந்தன. வாங்கிவந்த புதிதிலேயே அந்தக் கலவையை உதிர்த்துவிட்டு நட்டிருக்க வேண்டும். மூங்கில் குச்சியின் முனையால் சிறுகச்சிறுகக் குத்தி அந்த உருண்டையை உடைத்தெடுக்க அரைமணி நேரம் ஆனது.

செத்த வேரையும் உயிருள்ள வேரையும் பிரித்தறிவது கண்ணைவிட விரலுக்கு எளிது. உயிருள்ள வேர் வெள்ளையாகவோ தந்த நிறத்திலோ இருக்கும், விரல்களுக்கு இடையே வைத்து அழுத்தினால் கெட்டியாக நிற்கும். செத்த வேரைப் பிடித்து இலேசாக இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று வந்துவிடும், உள்ளே மெல்லிய நார் ஒன்று மட்டும் மிஞ்சும். இச்செடி பழைய வேர்களைக் காயவிட்டு அடித்தண்டிலிருந்து புது வேர்களை விடும் இயல்புடையது. ஆகவே செத்த வேர்கள் கொஞ்சம் இருப்பதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அவற்றை நீக்கிவிட்டேன்.

நீக்கும்போது இரண்டு வேர்களில் வெண்பொடி அப்பியிருப்பது கண்ணில் பட்டது. பெர்லைட் துகளாக இருக்கலாம் என்று எண்ணி நகத்தால் நசுக்கினேன். பெர்லைட் நொறுநொறுவென்று உடையும், இதுவோ ஈரமாகக் குழைந்தது. வேர் மாவுப்பூச்சிதான். வெளியே தெரியாமல் மண்ணுக்குள்ளேயே வேரின் சாற்றை உறிஞ்சி வாழும் இப்பூச்சியைச் செடியைத் தொட்டியிலிருந்து எடுக்கும்வரை கண்டுபிடிப்பது கடினம். வெறும் மண்ணை உதிர்ப்பதோடு நிறுத்த எண்ணியிருந்த நான், எல்லா வேர்களையும் ஓடும் நீரில் கழுவி, மடிப்புகளில் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் தோய்த்த தூரிகையால் தடவினேன். பழைய மண் முழுவதையும் உறையில் கட்டி அப்புறப்படுத்தினேன்.

இனிப் பிரிக்கும் வேலை. தாயை இடக்கையில் ஏந்தி, வலக்கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கன்றின் இலைகளில் வைக்காமல் அதன் அடித்தண்டில் வைத்து, இப்படியும் அப்படியுமாக மெதுவாக அசைத்தேன். பிரிவதற்குத் தயாராக இருந்த கன்று இரண்டு மூன்று அசைவிலேயே சிறிய ‘டக்’ ஒலியோடு தன் வேரையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. கெட்டியாகப் பிடித்திருந்த கன்றுகளை இழுக்காமல், ஸ்பிரிட்டால் துடைத்த மெல்லிய கத்தியைத் தாய்க்கும் கன்றுக்கும் நடுவே உள்ள குட்டைத் தண்டில் வைத்து ஒரே அழுத்தில் அறுத்தேன். இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. கன்றின் அடித்தட்டுக்கு மிக அருகில் அறுத்தால், இலைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் தண்டு போய், கன்று தனித்தனி இலைகளாகப் பிரிந்துவிடும். தாய்க்கு மிக அருகில் அறுத்தால் தாயில் பெரிய காயம் உண்டாகும். இணைப்புத் தண்டின் பெரும்பகுதி கன்றோடு போகும்படி அறுப்பதே எனக்குச் சரியாக வந்தது, ஏனெனில் கன்றின் முதல் வேர்கள் பெரும்பாலும் அந்தத் துண்டிலிருந்துதான் கிளம்பியிருந்தன.

ஒரு கன்றில் மட்டும் கை பிசகியது. நான்காம் எண் இட்ட கன்று அது. கத்தி நுழைய இடமில்லாமல் இரண்டு கன்றுகளுக்கு நடுவே சிக்கியிருந்ததை அசைத்தே எடுத்துவிடலாம் என்று பக்கவாட்டில் சாய்த்தபோது, அது அறுபடாமல் கிழிந்து வந்தது. மற்றக் கன்றுகளில் மிளகளவே இருந்த காயம் இதில் சுண்டுவிரல் நகத்தளவு இருந்தது. விளிம்புகளும் நார்நாராக இருந்தன. ஆனால் வேர் நான்கு, ஒவ்வொன்றும் விரல் நீளம், மிகச் செழிப்பானவை. அந்த வேர்களைக் கண்ட மகிழ்ச்சியில் காயத்தை நான் பொருட்படுத்தவில்லை.

கட்டைவிரல் நகத்தின் உயரமே இருந்த இரண்டு கன்றுகளைத் தாயோடு விட்டுவிட்டேன். தாயின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது வராத கன்றைப் பிரித்தால், அதன் இலைகளில் உள்ள நீரும் உணவும் வேர் விடும்வரை தாங்குவது கடினம். எடுத்த 9 கன்றுகளில் 6 கன்றுகளுக்குச் சொந்த வேர்கள் இருந்தன. 3 கன்றுகளுக்கு ஒரு வேர்கூட இல்லை.

எல்லாவற்றையும் நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் ஒரு கம்பிவலைத் தட்டின்மேல் வேர்கள் கீழே தொங்கும்படி வைத்தேன். வெட்டுவாயைத் தினமும் பார்த்துவந்தேன். முதல் நாள் அது கண்ணாடிபோல் பளபளத்தது. இரண்டாம் நாள் பளபளப்புப் போய்ச் சற்றே உள்வாங்கியது. ஐந்தாம் நாள் வைக்கோல் நிறத்தில் தக்கைபோல் இறுகி, நகத்தால் தட்டினால் ஓசை கேட்டது. அறுபட்ட இடத்தின் உயிரணுக்களின் சுவர்களில் சூபெரின் என்ற மெழுகுத்தன்மையுள்ள பொருள் படிந்து, அடியில் தக்கைப் படலம் உருவாகும்போதுதான் நீர் கசிவதும் கிருமி நுழைவதும் நிற்கின்றன. ஈர மண்ணில் அன்றே நட்ட என் முதல் கன்றுகளுக்கு இந்தப் படலம் உருவாக நேரமே கிடைக்கவில்லை.

இத்தனை நாள் மண்ணும் நீரும் இல்லாமல் ஒரு செடி கிடப்பது காண்பவருக்குக் கொடுமையாகத் தோன்றலாம். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உட்கொள்ளும்போதே நீரையும் ஆவியாக இழக்கின்றன. ஹவோர்த்தியா பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து, இரவின் குளிர்ச்சியில் திறந்து, உட்கொண்ட வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து, பகல் வெளிச்சத்தில் அதைச் செலவிடுகிறது. அதனால்தான் வேரே இல்லாத கன்றும் பல வாரங்கள் தன் இலையில் உள்ள நீரைக்கொண்டே உயிரோடிருக்க முடிகிறது. நம் வீடுகளில் வளரும் சோற்றுக்கற்றாழையும் இதே வழியைப் பின்பற்றுவதுதான். அதன் கன்றைப் பிரிக்கும்போது மட்டும் வெட்டுவாயில் மஞ்சள் நிறக் கசப்புப் பால் வடியும், அது முழுவதும் வடிந்து காயும்வரை பொறுக்க வேண்டும். கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று சொல்லப்படும் ரணகள்ளிக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. இலை விளிம்பில் முளைக்கும் குட்டிகள் விழுந்த இடத்தில் தாமே வேரூன்றிக்கொள்ளும்.

வேருள்ள 6 கன்றுகளையும் மூன்றாம் நாளும், வேரற்ற 3 கன்றுகளையும் ஏழாம் நாளும் நட்டேன். 7 செ.மீ. அகலமுள்ள பிளாஸ்டிக் தொட்டிகள் போதுமானவையாக இருந்தன. கன்றுக்கு இடம் தாராளமாக இருக்கட்டும் என்று பெரிய தொட்டியில் நட்டால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கி அழுகலுக்கு வழிவகுக்கும். உலர்ந்த கலவையைக் கூம்பாகக் குவித்து, அதன்மேல் வேர்களை விரித்து வைத்து, சுற்றிலும் கலவையைச் சரித்துத் தொட்டியைத் தட்டினேன், விரலால் அழுத்தவில்லை. அடியிலை மண்ணைத் தொடாமல் சற்றே மேலே நிற்கும்படி வைத்தேன். இச்செடிக்குச் சுருங்கி இழுக்கும் வேர்கள் உண்டு. அவை நாளடைவில் செடியைத் தாமே மண்ணுக்குள் இறக்கிக்கொள்ளும். வேரற்ற கன்றுகளைப் புதைக்காமல் மண்ணின்மேல் உட்காரவைத்து, மூன்று கூழாங்கற்களால் முட்டுக்கொடுத்தேன்.

தாய்ச்செடிக்கு 10 செ.மீ. மண்தொட்டி. அதுவும் ஐந்து நாள் உலர்ந்த பிறகே தொட்டிக்குள் போனது.

நட்டு ஏழு நாட்களுக்குப் பிறகுதான், அதாவது பிரித்த பத்தாம் நாளில், வேருள்ள கன்றுகளுக்கு முதல் தண்ணீர். தொட்டியின் ஓரமாக இரண்டு கரண்டி மட்டும் விட்டேன். வெளிச்சம் நிறைந்த, நேர்வெயில் படாத இடத்தில் வைத்தேன். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில் புதர்களின் அடியிலும் பாறை நிழலிலும் வளரும் இனம் இது. வேர் பிடிக்காத நிலையில் வெயில் பட்டால் இலைகள் செம்பழுப்பாக மாறி வளர்ச்சி நின்றுவிடும்.

பத்தொன்பதாம் நாள் காலையில் நான்காம் கன்றின் அடியிலை ஒன்று மஞ்சளாகி, ஒளி ஊடுருவுவதுபோல் தெளிந்திருந்தது. தொட்டதும் கையோடு வந்தது. உடனே கன்றை வெளியே எடுத்துப் பார்த்தேன். கிழிந்த காயத்தின் விளிம்பிலிருந்து கருப்பு வளையம் ஒன்று தண்டின் நடுவரை ஓடியிருந்தது, புளித்த வாடை. கருமை இல்லாத தண்டு கிடைக்கிறதா என்று மெல்லிய சீவல்களாக அரிந்துகொண்டே போனேன், இலைகள் உதிரும்வரை கருமை நிற்கவில்லை. அதன் நான்கு வேர்களும் அப்போதும் வெள்ளையாக, கெட்டியாக இருந்ததுதான் எனக்கு மிகவும் வருத்தமளித்தது. வேருள்ளவை மூன்று நாள், வேரற்றவை ஏழு நாள் என்று நான் வகுத்துக்கொண்ட கணக்கில் பிழை இருந்தது. உலர்த்தும் நாட்களை வேரின் அளவைக்கொண்டு தீர்மானித்துவிட்டேன். காயத்தின் அளவைக்கொண்டு தீர்மானித்திருக்க வேண்டும். நான்காம் கன்றின் காயத்திற்குப் பத்து நாளாவது தேவைப்பட்டிருக்கும், அதன் வேர்கள் அந்தக் காத்திருப்பைத் தாங்கியிருக்கும். வேரே இல்லாமல் ஏழு நாள் உலர்ந்த மூன்றும் ஒரு புள்ளி அழுகல்கூட இல்லாமல் நின்றன.

அந்த மூன்றில் ஒன்றை இருபத்தாறாம் நாளில் மெல்லத் தூக்கிப் பார்த்தேன். இறுகிய வெட்டுவாயைச் சுற்றிலும், காய்ந்த இலைச் சருகைக் கிழித்துக்கொண்டு, மூன்று வெண்ணிற முனைகள் அரிசி நொய்யளவில் எட்டிப்பார்த்தன; ஒன்றின் பக்கத்தில் பஞ்சுபோன்ற வேர்த்தூவிகளில் மண்துகள் ஒட்டியிருந்தது. அதன் பிறகே கன்றைச் சுற்றிக் கலவையைச் சற்று உயர்த்தி, ஒரு கரண்டித் தண்ணீர் விட்டேன். மற்ற இரண்டும் முப்பத்தைந்தாம் நாளுக்குள் வேர் விட்டன. அதுவரை அவற்றின் இலைகள் சற்றே மெலிந்து உட்புறம் குழிந்திருந்தன; தண்ணீர் விட்ட பத்து நாட்களில் குழிவு நிரம்பிவிட்டது. வேர் இல்லாத காலத்தில் அந்தக் குழிவைக் கண்டு தண்ணீர் ஊற்றத் துடித்த கையை அடக்கிக்கொண்டதே இந்த மூன்றையும் காப்பாற்றியது என்று நம்புகிறேன்.

இப்போது தொண்ணூறு நாட்கள் ஆகின்றன. எட்டுக் கன்றுகளிலும் நடுக்குருத்து வெளிர்பச்சையாக விரிகிறது. இலையைப் பிடித்து மேலே இழுத்தால் தொட்டியும் சேர்ந்து வருகிறது. மாவுப்பூச்சி மறுபடி வந்திருக்கிறதா என்று இரண்டு தொட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தேன், வேர்கள் சுத்தமாக இருக்கின்றன. தாய்ச்செடி, கன்றுகளை எடுத்த பக்கத்தில் வெறிச்சோடிச் சாய்ந்திருந்தது. தொட்டியை வாரம் ஒருமுறை கால்திருப்பு திருப்பி வைத்ததில் பெரும்பாலும் நிமிர்ந்துவிட்டது. தாயோடு விட்டுவைத்த இரண்டு சிறு கன்றுகளில் ஒன்று கட்டைவிரல் உயரத்திற்கு வந்துவிட்டது. இன்று காலை அதன் அடித்தண்டில் விரல் வைத்து அசைத்துப் பார்த்தேன். இன்னும் கெட்டியாகவே பிடித்திருக்கிறது.